புளிப்புக்குப் பின்னால்

"என்னைக் கவுத்தவங்கள்ல முதல்ல வியாபாரி. எடையில கைவச்சான்," என்றார் வீரணன். "ரெண்டாவது அதிகாரி. நம்ம மனுவை வாங்கி மடிச்சு வச்சுக்கிட்டு, வியாபாரி வீட்டுக் கல்யாணத்துக்குப் போனான். மூணாவது போலீசு. மறியல்ல என் முன்பல்லைப் பேத்தான். நாலாவது நம்மாளு தவசி. ஊரே பழம் வெட்ட மாட்டோம்னு உட்கார்ந்திருக்க, ராத்திரியோட ராத்திரியா லாரி ஏத்தினான்."

அருள்சீலி பீப்பாயின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அஞ்சாவது?"

"அஞ்சாவது இந்த ஒயினு. எல்லாரும் ஆகா ஓகோங்கிறாங்க. எனக்குப் புளிக்குது."

கம்பம் பள்ளத்தாக்கில் அந்த வருடம் திராட்சைக்காரர்கள் வியாபாரிகளோடு மல்லுக்கட்டி அலுத்துப்போய், சங்கமாகச் சேர்ந்து தாங்களே ஒயின் போட்டிருந்தார்கள். தோட்டத்துக்கு ஒரு பீப்பாய். அவற்றில் சிறந்ததைத் தேர்ந்தெடுத்து, அந்தத் தோட்டக்காரன் பெயரை ஒட்டியே முதல் புட்டிகளை வெளியே அனுப்ப வேண்டும்.

தேர்ந்தெடுக்க விலைபோகாத ஆள் வேண்டுமே. ஊர் மொத்தமும் வீரணனைக் கைகாட்டியது. துண்டறிக்கை படித்தே எழுத்துக் கற்றவர், துண்டறிக்கை எழுதியே தலை நரைத்தவர். எதிராளி கையால் ஒரு வாய் டீ வாங்கிக் குடிக்காதவர்.

அவருக்கு ஒயினைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது யாருக்கும் தோன்றவில்லை.

அவரால் முடியாவிட்டால், வேறு ஆள் கிடைக்காமல் வியாபாரிகளின் ஆள் வந்து ருசி பார்ப்பான். பிறகு எல்லாம் அவன் வைத்ததுதான் சட்டம்.

அதனால்தான் அவர் அருள்சீலியிடம் வந்தார். மகள் வயது அவளுக்கு. மாதா கோயில் பூசைக்குத் திராட்சை ரசம் போட்ட கன்னியர் மடத்தில் தொழில் படித்தவள். சங்கத்துப் பீப்பாய்கள் அவள் பொறுப்பில் இருந்தன; எது யாருடையது என்று தெரிந்தவள் என்பதால் அவளே தேர்ந்தெடுக்க முடியாது.

அவள் ஒரு கிளாசில் கொஞ்சம் ஊற்றி நீட்டினாள்.

"வாயில வச்சுக்கங்கய்யா. நான் சொல்ற வரைக்கும் முழுங்கக் கூடாது."

வீரணன் வாயில் வைத்துக்கொண்டார்.

அவள் புனலைக் கழுவினாள். துணியைப் பிழிந்து காயப்போட்டாள். பிறகு திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"அந்த வேலைநிறுத்தம் தோத்துத்தானே போச்சு?"

மடக்கென்று விழுங்கினார் வீரணன்.

"எவன் சொன்னான்? தோத்துச்சா? காட்டிக்கொடுத்தாங்க தாயி!"

"என்ன ருசி?"

"எங்க ருசி பார்க்கவிட்ட?"

அவள் மறுபடி ஊற்றினாள்.

மறுநாள் அதே கிளாஸ். அதே கேள்வி. விழுங்கிவிட்டு, மேடையில் நிற்பவர்போல நீளமாகப் பதில் சொன்னார். அடுத்த நாளும் அப்படித்தான்.

"உனக்கு யாரு தாயி சொல்லிக்குடுத்தது, மனுசனை இப்படி வாயடைக்க?"

"மடத்துல மூத்த கன்னியாஸ்திரியம்மா. நானும் அப்ப வாயாடிதான்."

ஒருநாள் மழை பெய்து விட்டிருந்தது. அவர் வாயில் வைத்துக்கொண்டார். அவள் கேட்டாள்.

"தோத்துத்தானே போச்சு?"

வீரணன் கையை உயர்த்தினார். பொறு என்பதுபோல.

அவள் வேலையை நிறுத்தினாள்.

வெகுநேரம் கழித்து விழுங்கினார். கண்ணை மூடியே இருந்தார்.

"முதல்ல புளிப்புத்தான் தாயி. அதுக்குப் பின்னால என்னமோ ஒளிஞ்சிருக்கு. கல்யாண வாசல்ல பன்னீர் தெளிப்பாங்கள்ல, உள்ள நுழையுறப்ப மூஞ்சில ஒரு துளி விழும்... அது."

"அப்புறம்?"

"அப்புறம் நெல்லிக்காய் தின்னுட்டுத் தண்ணி குடிச்ச மாதிரி. போயிருச்சு. இல்ல, இன்னும் இருக்கு."

கிளாசை இரண்டு கைகளாலும் அவளிடம் திருப்பிக் கொடுத்தார்.

"ரொம்ப நன்றி தாயி."

சொல்லிவிட்டு அவரே திகைத்தார். நன்றி என்பதைத் துண்டறிக்கையின் கடைசி வரியில் மட்டுமே எழுதிப் பழகியவர்.

அதன்பிறகு கதவு திறக்கும் முன்பே வந்து நின்றார். சுருட்டை விட்டார். மத்தியானச் சோற்றில் ஊறுகாயை ஒதுக்கினார். டீக்கடையில் விலைவாசி பேசுகிறவர், மேற்குச் சரிவுப் பழத்துக்கும் வாய்க்கால் கரைப் பழத்துக்கும் மணத்தில் உள்ள வித்தியாசத்தைப் பேசினார்.

"தோழர் கட்சி மாறிட்டாரப்பா," என்றார்கள்.

"ஆமா, திராட்சைக் கொடிக்கட்சி," என்றார் வீரணன்.

தேர்வு நாளில் கொட்டகை நிறைந்துவிட்டது. பீப்பாய்களில் சுண்ணாம்பால் எழுதிய பெயர்களைச் சாக்கால் மூடிச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். தேர்ந்தெடுப்பவரே சாக்கை விலக்கி, சபை முன்னால் பெயரைப் படிக்க வேண்டும். அவர் வாயால் வந்ததுதான் முடிவு.

வீரணன் ஒவ்வொன்றாக ருசித்தார். சிலதை உடனே துப்பினார். சிலதுக்குத் தலையாட்டினார்.

சன்னல் ஓரத்துப் பீப்பாயில் நின்றுவிட்டார்.

"என்ன தோழரே, நின்னமேனிக்கே தூங்கிட்டீரா?"

சிரிப்பு எழுந்தது. அவர் இன்னொரு வாய் எடுத்துக்கொண்டார். அந்தப் பீப்பாயின் மேல் கையை வைத்தார்.

இதுதான்.

சுவருக்கும் பீப்பாய்க்கும் இடையே உடம்பை நுழைத்துச் சாக்கைத் தூக்கினார்.

எழுத்து அவருக்கு மட்டும்தான் தெரிந்தது.

சாக்கைக் கீழே விட்டுவிட்டு, இது இல்லை என்று சொல்லிவிட்டு, அடுத்ததற்குப் போகலாம். எவனும் கேட்க மாட்டான். விலைபோகாத ஆள் அல்லவா.

அவர் அருள்சீலியைப் பார்த்தார். அவள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாயில் ஒயின் இன்னும் இருந்தது. அதை வைத்துக்கொண்டு பேச முடியாது. விழுங்கவும் மனம் வரவில்லை. புளிப்பு விலகியது. பன்னீர் வந்தது. இதுவரை எந்தப் பீப்பாயிலும் வராத ஒன்று, பேர் தெரியாத ஏதோ ஒரு பூ, அதன் பின்னால் மெல்ல வந்து நின்றது.

வீரணன் கண்கள் கலங்கின.

கூட்டத்துக்கு அப்பால், வாசற்படிக்கு வெளியே, யாரும் இடம் கொடுக்காத ஓர் ஆள் செருப்பைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தான்.

வீரணன் விழுங்கினார். ஒரு கையால் சாக்கை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி படித்தார்.

"மு. தவசி."