தீர்த்தகிரியார் தெளியவைத்த தண்ணீர்

கருவேலங்கோட்டை ராஜா வல்லபராயருக்குக் குடிதண்ணீர் மலைச் சுனையிலிருந்து வண்டியில் வரும். ஊருக்கோ கோட்டைக் குளம்தான். குடிக்கிற தண்ணீரே வேறாக இருந்தால் நியாயமும் வேறாகத்தானே இருக்கும்?

அந்த வருஷம் குளத்துத் தண்ணீர் கலங்கி நாற ஆரம்பித்தது. கீழத்தெருவில் வீட்டுக்கு ஒருவர் வயிற்றுப்போக்கில் சுருண்டு கிடந்தார்கள். பொறுக்கமாட்டாமல் சிவனம்மை என்கிற நெசவுக்காரி சபைக்கே வந்துவிட்டாள்.

“சாமி, தண்ணி நாறுது. எம் புள்ளைங்க ரெண்டும் எந்திரிக்க முடியாமக் கெடக்குதுங்க. நீங்களே மோந்து பாத்துட்டுச் சொல்லுங்க.”

குளத்துக்குப் பொறுப்பு தீர்த்தகிரி. மீசையை முறுக்குவதைத் தவிர வேறு வேலை அறியாத மனிதர். குளத்துத் தண்ணீரில் ஒரு பானை கொண்டுவரச் சொன்னார். வேறொரு பானையின் உட்புறம் தேத்தாங்கொட்டையை நன்றாக உரசி, தண்ணீரை அதில் ஊற்றிவைத்தார். எல்லார் வீட்டிலும் செய்கிற வேலைதான். பொறுத்திருந்து பார்த்தால் கலங்கல் அடியில் படிந்து, தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது.

“பார்த்தீர்களா மகாராஜா! தண்ணீர் சுத்தம். இவளுக்குக் கொட்டை உரசச் சோம்பல். அதற்கு அரண்மனைக் குளத்தைப் பழிப்பதா?”

ராஜா பானைக்குள் எட்டிப் பார்த்தார். குடித்துப் பார்க்கவில்லை.

“பொய்ப்புகார் சொன்னவள் நாளை சூரியன் மறைவதற்குள் ஊரைவிட்டுப் போகவேண்டும்!”

சபையில் வாயாடி என்று பேர் எடுத்த வைரவனுக்கு வயிறு எரிந்தது. நோயில் கிடக்கிற பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இவள் எங்கே போவாள்? ஆனால் ராஜாவிடம் கோபத்தைக் காட்டினால் அவனும் அவளோடு மூட்டை கட்டவேண்டியதுதான். ஆகவே பல்லைக் காட்டினான்.

“மகாராஜா, ஆகா, என்ன வித்தை! நானும் ஒருமுறை செய்துபார்க்கிறேன். நாளைக்குச் சபை கூடும்வரை பொறுங்கள்.”

அன்று சாயங்காலம் மூக்கைப் பிடித்துக்கொண்டு குளக்கரையைச் சுற்றிவந்தான். போகிற வழியில் யானைப்பாகனிடம் ஒரு வார்த்தை பேசினான். வீட்டுக்கு வந்து கொட்டையை உரச உட்கார்ந்தான்.

மறுநாள் சபைக்கு ஒரு வெள்ளிக் கூஜாவோடு வந்தான். தீர்த்தகிரி உள்ளே பார்த்துப் பூரித்துப்போனார்.

“பளிங்கு! பளிங்கேதான்! இதைக் குறை சொல்கிறவன் நாக்கு அழுகிப்போகும்!”

“சுத்தம்தானே ஐயா?”

“சத்தியமாகச் சுத்தம்!”

“அப்படியானால் குடியுங்கள்” என்று வைரவன் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தான். ராஜாவுக்கும் தாகம் வந்துவிட்டது. “எனக்கும் கொடு” என்று கையை நீட்டினார்.

“பொறுங்கள் மகாராஜா. இது நேற்று பட்டத்து யானையைத் தேய்த்துக் கழுவிய தண்ணீர். தீர்த்தகிரியார் முறைப்படி தெளியவைத்தேன்.”

நீட்டிய கையை ராஜா வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். உதடுவரை போன கிண்ணத்தைத் தீர்த்தகிரி தூக்கி எறிந்தார்.

“அடப்பாவி! யானை லத்தி கரைந்த தண்ணீரையா எனக்குக் கொடுக்கிறாய்?”

“ஏன் ஐயா பதறுகிறீர்கள்? ஊருக்கு நீங்கள் கொடுப்பதும் இதேதானே? யானைக் கொட்டடி வாய்க்கால் உடைந்து குளத்தில் விழுகிறது. எங்களுக்குச் சுற்றுவழியாக வருகிறது, உங்களுக்கு நேராகக் கொண்டுவந்தேன். கொட்டை கலங்கலைத்தான் இறக்கும், நோயை இறக்காது. அதற்குத் தளதளவென்று கொதிக்கவைக்க வேண்டும். கீழத்தெருவில் சோறு பொங்கவே விறகில்லை.”

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பிய ராஜாவுக்கு முகம் சிவந்தது. சிவனம்மைக்கு விதித்த தண்டனையை அப்போதே நீக்கினார். “உனக்கு என்ன பரிசு வேண்டும், வைரவா?”

“அரண்மனை விறகுக் கொட்டகையைக் கீழத்தெருவுக்குத் திறந்துவிடுங்கள். வாய்க்காலைத் திருப்பிக் குளம் தேறுகிறவரை தீர்த்தகிரியார் வீட்டுக்கும் அந்தத் தண்ணீரே போகட்டும்.”

“விறகோடு சேர்த்தா?”

“அவருக்கு எதற்கு விறகு? அவர்தான் கொட்டை உரசுவாரே!”

ராஜா சிம்மாசனம் குலுங்கச் சிரித்தார்.

அன்று சூரியன் மறைவதற்குள் சிவனம்மை ஊரைவிட்டுப் போகவில்லை. வாய்க்கால்தான் குளத்தைவிட்டுப் போனது. முழங்கால் சேற்றில் நின்று மண்ணை வெட்டித் தள்ளியவர் யார் என்கிறீர்கள்? தீர்த்தகிரியேதான். பாவம், மீசையை முறுக்க அவருக்குக் கை ஒழியவில்லை.