ஆளுநர் கேட்ட உரிமை

"அம்மா, மசோதாவில் அந்த ஒரு வரியை மட்டும் கோடிட்டு அடிக்க அன்றைக்கு எனக்கு உரிமை இருந்திருந்தால், என் மகள் இன்று உயிரோடு இருந்திருப்பாள்."

ஆளுநர் இளவழுதி இதைச் சொன்னபோது பூங்கோதை அம்மை அவரைக்கொடிக்குப் பந்தல் கட்டிக்கொண்டிருந்தார். ஆளுநரைவிடப் பத்து வயது இளையவர். முன்பு மலைநாட்டின் ஒரே உறுப்பினராகச் சபையில் இருந்தவர். பதவியை உதறித் துறவியானபின் கணவாயில் தனியாக வாழ்ந்தார்.

"உட்காருங்கள், ஐயா."

இளவழுதி உட்காரவில்லை.

அந்த மாகாணத்தில் ஆளுநருக்கு இரண்டே வழி. சபை அனுப்பும் வரவுசெலவு மசோதாவை முழுதாக ஏற்கலாம். இல்லையென்றால் முழுதாகத் திருப்பி அனுப்பலாம்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் வந்த மசோதாவில் மலைநாட்டுக்கு ஒரு மருத்துவமனை இருந்தது. சபைத் தலைவர் ஓய்வெடுக்க ஏரிக்கரையில் ஒரு மாளிகையும் இருந்தது.

மாளிகையை அவரால் பொறுக்க முடியவில்லை. மசோதாவைத் திருப்பிவிட்டார்.

மாளிகை எழவில்லை. மருத்துவமனையும் எழவில்லை.

அவர் மகள் நறுமுகை மலைப்பள்ளியில் ஆசிரியை. அடுத்த மழைக்காலத்தில் பிரசவ வலியோடு அவளைத் தூளி கட்டிக் கீழே இறக்கினார்கள். அவள் ஊர் வந்து சேரவில்லை.

"இப்போதும் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் அவள்தானோ என்று எழுந்துவிடுகிறேன்."

பூங்கோதை கயிற்றைக் கீழே வைத்தார்.

"சபை மனமிறங்கியிருக்கிறது, அம்மா. மசோதாவில் வேண்டாத வரியை மட்டும் அடிக்கும் அதிகாரத்தை எனக்குத் தருகிறார்கள். நாளை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். உங்கள் வாழ்த்துக்காக வந்தேன்."

பூங்கோதை உள்ளே போய்த் தாளும் பேனாவும் எடுத்துவந்தார்.

"அந்த மசோதா நினைவிருக்கிறதா?"

"ஒவ்வொரு வரியும்."

"அந்த இரண்டு வரிகளை எழுதுங்கள்."

எழுதினார். யாரும் சொல்லாமலே மாளிகையை அடித்தார்.

தாளில் மருத்துவமனை மட்டும் நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். விரலால் ஒருமுறை தடவினார்.

"இவ்வளவுதான், அம்மா. இந்த ஒரு கோடுதான் வேண்டியிருந்தது."

"சபையில் எத்தனை பேர்?"

"இருபத்தொருவர்."

"மலைநாட்டுக்கு?"

"ஒருவர். அப்போது நீங்கள்."

"என் ஒரு கையை வைத்துக்கொண்டு மருத்துவமனை எப்படி மசோதாவுக்குள் வந்தது?"

இளவழுதி தாளிலிருந்து நிமிர்ந்தார். இந்த ஒன்பது ஆண்டுகளில் ஒருநாளும் அவர் அதை யோசித்ததில்லை.

பூங்கோதை வலது கையைத் தலைக்குமேல் உயர்த்திக் காட்டினார்.

"மாளிகைக்கு முதலில் எழுந்த கை இது. அதைப் பார்த்த பிறகுதான் மருத்துவமனைக்கு மற்றவர்கள் கை தூக்கினார்கள். மாளிகையை நீங்கள் தனியாக அடித்துவிடலாம் என்று தெரிந்திருந்தால், ஒருவர் கையும் எழுந்திருக்காது."

"நீங்களா?" இளவழுதி கேட்டார். "அது அநியாயம் என்று உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிந்துமா தூக்கினீர்கள்?"

பூங்கோதை கையை இறக்கினார்.

"மருத்துவமனை வேண்டும் என்று என்னிடம் மூன்று முறை வந்து கேட்டவள் நறுமுகை, ஐயா."