பாசிக்கரி

"தியானம் பழகத்தான் வந்தேன். பாசி அள்ள வைக்கிறீர்களே, அம்மா" என்றான் சிவக்கொழுந்து.

திலகவதி அம்மா அந்த மடத்தின் குரு. வயதில் அவனைவிட இளையவர்.

"அள்ளிவிட்டாயா?"

"அள்ளிக் காயவும் வைத்துவிட்டேன்."

"சரி, சுடு."

மடத்தில் நூலுக்குச் சாயம் போடுவார்கள். சாயக்கழிவு ஊரார் குளிக்கும் கீழ்க்குளத்தில் போய் விழும். அதனால் மடத்துக் குட்டையில் மண்டும் பாசியைக் காயவைத்து, பீப்பாயில் காற்றுப் புகாமல் மூடிச் சுட்டுக் கரியாக்குவார்கள். அந்தக் கரி நிரப்பிய தொட்டி வழியாகத்தான் கழிவை விடுவார்கள். சாயத்தைக் கரி பிடித்துக்கொள்ளும்.

சிவக்கொழுந்து சுட்டான். பீப்பாய் ஆறும்வரை அவனுக்குப் பொறுமை இல்லை. மூடியைத் திறந்தான். காற்றுப் பட்டதும் கரி கனன்று, கண்ணெதிரே சாம்பலானது.

வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது. இத்தனை வயதுக்கு மேல் வந்து, சொன்ன ஒரு வேலையையும் கெடுத்தவன் என்பார்களே.

சொல்லவில்லை. தொட்டியில் இருந்த பழைய கரியை அப்படியே விட்டுவைத்தான். அதில் ஏற்கெனவே சாயம் நிறைந்துவிட்டதால், இனியும் சாயத்தைப் பிடிக்கிற நிலையில் அது இல்லை. நிறம் தெரியாமல் இருக்கக் கழிவில் கிணற்றுத் தண்ணீரைக் கலந்து விட்டுவந்தான்.

சில நாள் கழித்து அம்மா அந்தப் பக்கம் வந்தார். தொட்டியிலிருந்து விழும் தண்ணீரைப் பார்த்தார்.

"தெளிவாக இருக்கிறதே. கரி நன்றாக வந்ததா?"

"வந்தது, அம்மா."

அவர் குனிந்து இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளினார். முகம் கழுவப் போனார்.

சிவக்கொழுந்து பாய்ந்து அவர் கையைப் பிடித்தான். தண்ணீர் சிதறியது.

"வேண்டாம், அம்மா."

அவர் காத்திருந்தார். தரையைப் பார்த்தபடியே நடந்ததையெல்லாம் சொன்னான்.

அம்மா முகத்தில் கோபம் இல்லை. அதுதான் அவனைக் கொன்றது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"என் கையைப் பிடித்தாய். கீழ்க்குளத்தில் யார் கையைப் பிடித்தாய்?"

அவன் தொட்டியின் மதகை அடைத்துவிட்டுக் கீழ்க்குளத்துக்கு ஓடினான்.

குளத்தில் ஒரு பெண் தன் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். குழந்தையின் முதுகு சிவந்து தடித்திருந்தது.

"கரையேறிடும்மா. இந்தத் தண்ணி ஆகாது."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மடத்துக்காரர் என்று தெரிந்ததும் ஈரக்கையைக் குவித்துக் கும்பிட்டாள்.

"ஏன் சாமி? நீங்கதானே சுத்தம் பண்ணி விடுறீங்க?"

குழந்தை அவனைப் பார்த்துச் சிரித்தது.

"பண்ணலைம்மா" என்றான். "நான் பண்ணலை."