கடல் தொட்டிக்குக் காரம் ஏற்றிய கதை

அறிவொளி நகரில் முட்டாள்களே கிடையாது என்று அந்த நகரின் நலச் சங்கம் ஒருமுறை தீர்மானமே போட்டிருக்கிறது. முன்மொழிந்தவர் குணபூஷணம். வழிமொழிந்தவர்கள் புலவர் தணிகைமணியும் வேதகிரியும். மூவரும் அரசாங்கத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவர்கள். மேலிடத்து உத்தரவை ஒரு எழுத்து பிசகாமல் நிறைவேற்றுவார்கள். அதற்கு அர்த்தம் என்னவென்று கேட்டுக் கெட்ட பெயர் எடுத்ததில்லை.

குணபூஷணம் மகள் வீட்டோடு இருந்தார். மாப்பிள்ளை இளம்பரிதி தங்கமான மனுஷன்தான், ஆனால் மாமனாரை நம்பி ஒரு பொறுப்பும் கொடுக்க மாட்டார். துணி காயப் போட்டால்கூடப் பின்னாலேயே வந்து கிளிப்பைச் சரிபார்ப்பார். இது குணபூஷணத்துக்கு உள்ளுக்குள் பெரிய குறை. அப்பேர்ப்பட்ட மாப்பிள்ளை, மனைவியோடு பத்து நாள் வெளியூர் கிளம்பும்போது, வேறு ஆள் அகப்படாமல், கூடத்திலிருந்த கடல் மீன் தொட்டியை அவரிடம் ஒப்படைத்தார். உள்ளே பவளப் பாறை, வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு ஆரஞ்சு மீன்கள், மேலே நீல விளக்கு. பிள்ளையைப் போல வளர்த்த தொட்டி.

"பாத்துக்குங்க மாமா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

குணபூஷணம் பார்த்துக்கொண்டார். எதிரே நாற்காலியைப் போட்டு மூன்று நாள் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் பார்க்கப் பார்க்கவே பவளத்தின் மேல் பச்சை பச்சையாக முடி முளைத்தது.

கிடைக்காமல் கிடைத்த பொறுப்பு, அதுவும் கெட்டுப்போனால் இனி இந்த வீட்டில் காலிங் பெல்லைக்கூடத் தொட விட மாட்டார்கள். நண்பர்களை வரவழைத்தார். தொட்டி விற்ற கடைக்காரர் ஜெரால்டுக்குப் போன் போட்டு, மூவருக்கும் கேட்கும்படி நடுவில் வைத்தார்கள்.

"பாசி பிடிச்சிருக்கா சார்?" என்றார் ஜெரால்டு.

"எனக்குப் பிடிக்கலை. மீனுக்கு எப்படின்னு தெரியலை" என்றார் குணபூஷணம்.

ஜெரால்டு பொறுமைசாலி. ஆல்கே, நைட்ரேட் என்று ஆரம்பித்து, லைட்டை ஆஃப் பண்ணச் சொன்னார். புலவருக்கு முகம் சுருங்கிவிட்டது. தமிழ் மண்ணில் கடை வைத்திருப்பவர் தமிழில் சொன்னால்தான் காதில் வாங்குவோம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஜெரால்டு கொஞ்சம் யோசித்து, "விளக்கை மூணு நாளைக்கு அணைச்சே வைங்க ஐயா" என்றார்.

உடனே ஆலோசனைக் கூட்டம் கூடியது.

"அணைக்கிறதுன்னா ஒரு கையாலயா, ரெண்டு கையாலயா?" என்று கேட்டார் வேதகிரி.

"ஒரு கையால் செய்வது தொடுதல். இரு கைகளும் சேர்ந்தால்தான் அணைத்தல்" என்று இலக்கணம் சொன்னார் புலவர்.

"மூணு நாள்னாரே. நடுவுல சாப்பிட எந்திரிச்சா?"

"முறை வைத்துக்கொள்வோம். ஆனால் இடைவெளி விழலாகாது. அடுத்தவர் அணைத்த பிறகே முந்தையவர் விடலாம்."

அப்படியே நடந்தது. ஒவ்வொரு முறை மாறும்போதும் இரண்டு பெரியவர்கள் ஒரு விளக்கோடு சேர்த்து ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு நின்றார்கள். வீடு பெருக்க வந்த அம்மாள் வாசலிலிருந்தே திரும்பிப் போனவள் அந்த வாரம் முழுக்க வரவில்லை. எரியாத விளக்கை அணைத்து என்ன பயன் என்று மூன்று நாளும் அதை எரிய விட்டே அணைத்தார்கள். வேதகிரியின் பனியன் தீய்ந்தது. பாசி செழித்தது.

மறுபடி போன். பாசி கூடிவிட்டது என்று கேட்டதும் ஜெரால்டு, "அப்ப தினசரி சாப்பாட்டைப் பாதியாக் குறைங்க" என்றார். மூவரும் அன்றே நாலு இட்லியிலிருந்து இரண்டுக்கு இறங்கினார்கள். குணபூஷணத்துக்குத் தலை சுற்றியது, ஆனாலும் மாப்பிள்ளைக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டார். மிச்சமான இட்லிகளை வீணாக்க மனம் வராமல் தொட்டியிலேயே போட்டார்கள். இரண்டே நாளில் பாறை எது, பாசி எது என்று தெரியாமல் போயிற்று.

ஒன்பதாம் நாள் ஜெரால்டு குழம்பிப் போனார். "தண்ணியிலதான் ஏதோ கோளாறு. ஆல்கலினிட்டி..." என்று ஆரம்பித்தார். புலவர் கனைத்தார். பாவம், அந்த மனுஷன் பத்தாம் வகுப்பு வேதியியலை எங்கெங்கோ தேடி எடுத்து, "காரம் ஐயா. தண்ணியில காரம் இறங்கியிருக்கும். மீனை அதே தண்ணியில ஒரு வாளியில விட்டுட்டு, காரத்தைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க" என்றார்.

மீன்கள் வாளிக்குப் போயின. மூவரும் ஆளுக்கொரு கரண்டி தொட்டித் தண்ணீரை எடுத்து வாயில் விட்டுப் பார்த்தார்கள்.

"உவர்ப்பு மிகுதி. கார்ப்பு அறவே இல்லை" என்றார் புலவர்.

"இத்தனை நாளா இதைத்தான் அதுங்க வாயில வச்சிட்டிருந்துதா" என்று குணபூஷணம் நிஜமாகவே வருத்தப்பட்டார்.

அரைக் கிலோ மிளகாய்த் தூளைக் கரண்டி கரண்டியாகப் போட்டு, ஒவ்வொரு கரண்டிக்கும் ருசி பார்த்தார்கள். கடைசிக் கரண்டியில் புலவருக்கு விக்கல் எடுத்தது. அதுதான் பதம் என்று நிறுத்தினார்கள். தண்ணீர் செக்கச்செவேலென்று ஆகிவிட்டதால் உள்ளே ஒன்றும் தெரியவில்லை. 'பாசி காணப்படவில்லை' என்று வேதகிரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். எத்தனையோ பிரச்சினைகளை அவர் இப்படித்தான் தீர்த்திருக்கிறார்.

மறுநாள் காலை, சாயங்காலம் வந்துவிடுவோம் என்று மாப்பிள்ளை போன் செய்தார். குணபூஷணம் சந்தோஷத்தோடு ஜெரால்டைக் கூப்பிட்டு, காரம் ஏறிய விவரத்தைச் சொன்னார். ஜெரால்டு கெஞ்சவே ஆரம்பித்துவிட்டார்.

"ஐயா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். மீனு வாளியிலேயே இருக்கட்டும். தண்ணியை முழுசா மாத்திடுங்க. வேற எதுவும் செய்யாதீங்க."

இதைக் கேட்டதும் வேதகிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். இருபத்திரண்டு வருஷம் ஊழியர் மாறுதல் பிரிவில் இருந்தவர் அவர்.

"மாத்துறதுன்னா சும்மா வெளியே துரத்த முடியாது சார். போற இடத்துல காலியிடம் இருக்கணும். இல்லேன்னா மனமொத்த மாறுதல். இது இடத்துக்கு அது, அது இடத்துக்கு இது."

"எது?"

"மொட்டை மாடித் தொட்டியில இருக்கிறது. இதுவும் தொட்டித் தண்ணி, அதுவும் தொட்டித் தண்ணி. ஒரே அந்தஸ்து."

சம்மதம் கேட்க வேண்டுமே என்றார் புலவர். படியேறிப் போய் மேல்தொட்டியிடமும், இறங்கி வந்து மீன் தொட்டியிடமும் முறைப்படி கேட்டார். கால் மணி நேரத்துக்குள் இரண்டிலிருந்தும் ஆட்சேபணை வரவில்லை. மேல்தொட்டியில் இருந்ததே பதினாலு குடம்தான். பதினாலு குடம் கீழே வந்தது, பதினாலு குடம் மேலே போயிற்று. முதுகு விட்டுப்போனாலும், தெளிந்த தண்ணீரைப் பார்த்ததும் குணபூஷணத்துக்கு உயிர் வந்தது.

சாயங்காலம், மனைவியை வழியில் காய்கறிக் கடையில் இறக்கிவிட்டு, மாப்பிள்ளை முதலில் உள்ளே நுழைந்தார். தூரத்திலிருந்தே தொட்டியைப் பார்த்துவிட்டு, "அட, தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கே மாமா. ரயில்ல ஒரே தூசி, குளிச்சிட்டு வந்து கிட்டப் பாக்கறேன்" என்றார்.

இத்தனை வருஷத்தில் மாப்பிள்ளை வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு. மூவரும் வரிசையாக நின்று காத்திருந்தார்கள். குளியலறையில் ஷவர் திறக்கும் சத்தம் கேட்டது. அதற்கப்புறம் கேட்ட சத்தத்துக்கு எதிர் வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

இடுப்பில் துண்டோடு மாப்பிள்ளை சுவரைத் தடவிக்கொண்டு வெளியே வந்தார். உச்சி முதல் பாதம் வரை சிவந்திருந்தார். மூடிய கண்களிலிருந்து தாரை தாரையாகக் கண்ணீர்.

ஒரு தொட்டியைக் காப்பாற்றியதற்கு இவர் இவ்வளவு உருகுவார் என்று குணபூஷணம் நினைக்கவே இல்லை.

"ஆனந்தக் கண்ணீர்" என்றார் புலவர், மெதுவான குரலில்.

"மாமா... கண்ணு... தண்ணி, தண்ணி" என்றார் மாப்பிள்ளை.

மூவரும் குளியலறைக்கு ஓடினார்கள். குழாயைத் திறந்து ஒரு வாளி நிறையப் பிடித்து வந்து, ஒரு சொட்டுக்கூடத் தரையில் சிந்தாமல் மாப்பிள்ளையின் தலையில் ஊற்றினார்கள். மாப்பிள்ளை முன்னைவிடச் சத்தமாக அழுதார்.

குணபூஷணமும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் முதுகைத் தட்டிக் கொடுத்தார். "இதுக்கெல்லாமா அழுவாங்க மாப்பிள்ளை? அடுத்த தடவை ஒரு மாசம் நிம்மதியா இருந்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, இன்னொரு வாளி கொண்டுவரும்படி வேதகிரிக்குக் கண் ஜாடை காட்டினார்.