டுபு டுபு வண்டியை விக்கலாமா?

ஒரு ஊர்ல ஒரு நர்சம்மா இருந்தா. பேரு சகாயராணி. அவகிட்ட ஒரு மோட்டார் சைக்கிள் இருந்துது. ஸ்கூட்டர் இல்லடி, மோட்டார் சைக்கிள். இரும்புக்கடையில ஓட்டை அண்டாவுக்கும் உடைஞ்ச கட்டிலுக்கும் நடுவுல துருப்பிடிச்சுக் கிடந்ததை எடைக்கு வாங்கிட்டு வந்தா. எஞ்சின் ஒரு கடை, டேங்க் ஒரு கடை, சீட்டு பக்கத்து வீட்டுப் பழைய சோபாவுல கிழிச்சது. ஆறு வருஷம், டூட்டி முடிஞ்சு வந்து வாசல்ல உக்காந்து, ஸ்பானரும் கையுமா மாட்டி மாட்டி அதை ஒரு வண்டி ஆக்கினா. வேலை முடிஞ்சுதான்னா, முடியவே இல்லை. இன்னைக்கு இதைச் சரி பண்ணா நாளைக்கு அது புடுங்கிக்கும். "ம்" சொல்லு.

ம்.

அது எப்படி ஓடும் தெரியுமா? டுபு டுபு டுபு டுபு! நிறுத்தினா சும்மா நிக்காது, கடைசியா ஒரு தும்மல் போடும். டொப்! அவ புருஷன் லூர்து, "உன் பெரிய பொண்ணுக்கு ஜலதோஷம் போகவே போகாது போல"ம்பான். அவளுக்குச் சிரிப்பு வரும். மெக்கானிக் யாராவது அந்தத் தும்மலைச் சரி பண்ணவான்னு கேட்டா, வேணாம்னுடுவா.

அப்புறம், புதன்கிழமை ஆனா அவ மலை மேல கோணப்பாறைக்குப் போகணும். தோள்ல நீலப் பெட்டி. பெட்டிக்குள்ள ஐஸு, ஐஸுக்கு நடுவுல பச்சைக் குழந்தைங்களுக்குப் போடுற தடுப்பூசி மருந்து. ஐஸ் உருகிடுச்சுன்னா மருந்து கெட்டுப்போயிடும். கெட்டுப்போன மருந்தைக் குழந்தைக்குப் போட முடியுமா? கீழதான் கொட்டணும். அதனால மலை ஏற ஏற அவ மனசெல்லாம் பெட்டிக்குள்ளதான் இருக்கும். உருகுதோ, உருகுதோன்னு.

ஒரு புதன்கிழமை, டுபு டுபு டுபுன்னு ஏறிட்டு இருந்த வண்டி மொத வளைவுலேயே, புஸ்ஸு... நின்னுடுச்சு. உதைச்சா, உதைச்சா, கிளம்பலை. பிளக்கைக் கழட்டினா ஒரே கரி. முந்தானையில தொடைச்சு, வாயால ஊதி மாட்டினா. அப்புறம்தான் கிளம்புச்சு. போய்ச் சேரும்போது ஐஸ் பாதியாயிடுச்சு. ஆனா மருந்துக்கு ஒண்ணும் ஆகலை. எல்லாக் குழந்தைக்கும் ஊசி போட்டுட்டுத்தான் அவ நல்லா மூச்சே விட்டா.

ம்.

அடுத்த புதன்கிழமை ரெண்டாவது வளைவு. சடக்! செயின் அறுந்துடுச்சு. சுத்திமுத்தும் பார்த்தா, ஒரு ஈ காக்கா இல்லை. அந்த மலையில செல்போனுக்கு டவரும் கிடையாது. அவ வண்டியைப் பாறையில சாய்ச்சா. பெட்டியைத் தலையில வச்சா. நடந்தா, நடந்தா, மூச்சு வாங்க நடந்தா. மேல போய்ப் பெட்டியைத் திறந்தா, கட்டைவிரல் அளவுகூட ஐஸ் இல்லை. வெறும் தண்ணி, அதுவும் வெதுவெதுன்னு.

அங்கே பொன்னுத்தாயின்னு ஒருத்தி, எலுமிச்சைத் தோட்டத்துல வேலை பாக்குறவ. இவ பெட்டியோட நடந்து ஏறுறதைத் தோட்டத்துலேருந்து பார்த்துட்டு, அன்னைக்குக் கூலியை விட்டுட்டு, மூணு மாசப் பொண்ணைத் தூக்கிட்டு வந்து மொத ஆளா உக்காந்திருந்தா.

"நர்சம்மா, இன்னைக்கு ஊசி இல்லையா?"

"இல்லை பொன்னுத்தாயி. அடுத்த வாரம் வா."

பொன்னுத்தாயி ஒரு வார்த்தை திட்டலை. திட்டியிருந்தாலாவது தேவலை. குழந்தை தலையைத் தடவிட்டு எழுந்து போயிட்டா. சகாயராணிக்கு அது நெஞ்சுல தைச்சுடுச்சு.

வண்டியைத் தள்ளிக்கிட்டே வீட்டுக்கு வந்தா. சோறு இறங்கலை. லூர்து சொன்னான், "வித்துடு சகாயம். மதுரையில ஒருத்தர் பழைய வண்டியா சேக்குறாரு. அடுத்த வார வெள்ளிக்கிழமை வந்து பாக்குறேங்கிறாரு. அதை வித்தாத்தான் நாம ஒரு நல்ல ஸ்கூட்டர் வாங்க முடியும்."

"ஆறு வருஷம், லூர்து."

"தெரியும். நான்தானே டார்ச் லைட் பிடிச்சேன்."

அவளுக்கு ரெண்டு மனசு. வண்டியைப் பார்த்தா விக்க மனசு வரலை, பெட்டியைப் பார்த்தா வச்சுக்க மனசு வரலை. கடைசியில லூர்து சிநேகிதன் ஒருத்தனோட ஸ்கூட்டரை ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கிட்டு வந்தான். "புதன்கிழமை இதுல போய்ப் பாரு. சரியா வந்தா விக்கலாம், இல்லைன்னா வேணாம்"னான். ஏய், தூங்கிட்டியா?

இல்லை. ம்.

அப்போ மூணாவது புதன்கிழமை. ஸ்கூட்டர் பட்டனை ஒரு தட்டு. உய்ங்ங்... அவ்ளோதான், பூனை மாதிரி ஏறுது. மொத வளைவு, நிக்கலை. ரெண்டாவது வளைவு, நிக்கலை. மூணாவது வளைவும் தாண்டிடுச்சு. எப்பவும் ஊசி போடுற மரத்தடியில இறங்கிப் பெட்டியைத் திறந்தா, ஐஸ் கல்லு கல்லா அப்படியே இருக்கு. ஆனா அங்கே ஒரு ஆள் இல்லை. எப்பவும் இவ வந்து இறங்கும்போது அம்மாக்காரிங்க எல்லாம் வரிசையா உக்காந்திருப்பாங்க. இன்னைக்கு ஒரு குழந்தையோட அழுகைச் சத்தம்கூட இல்லை.

சகாயராணி உக்காந்தா. அரை மணி ஆச்சு. ஒரு மணி ஆச்சு. வெயில் பெட்டி மேல நகர்ந்து வந்துது, பெட்டியை நகர்த்தி வச்சா. மறுபடி வெயில் வந்துது, மறுபடி நகர்த்தினா. ரெண்டு மணி ஆச்சு. போன வாரம் வெறுங்கையோட திருப்பி அனுப்பினேனே, என் மேல நம்பிக்கை போயிடுச்சு, இனிமே யாரும் வரமாட்டாங்கன்னு நினைச்சா. தப்பு என் பேர்லதான், இரும்பு மேல வச்ச ஆசையைக் குழந்தைங்க மேல வைக்காமப் போயிட்டேனேன்னு கண்ணு கலங்கிடுச்சு. பெட்டியைத் திறந்து பாக்கவும் பயம், பாக்காம இருக்கவும் பயம்.

அப்போ தண்ணிக்குப் போக இடுப்புல காலிக் குடத்தோட யார் வந்தா தெரியுமா?

பொன்னுத்தாயி!

ஆமா, அவளேதான். மரத்தடியில இவளைப் பார்த்துட்டு வெலவெலத்துப் போயிட்டா. "ஐயையோ நர்சம்மா, எப்ப வந்தீங்க? சத்தமே கேக்கலையே! நாங்க காலையிலேருந்து காதைத் தீட்டிக்கிட்டுல்ல இருக்கோம்!"

"என்ன சத்தம்?"

"உங்க வண்டிச் சத்தம்தான். மூணாவது வளைவுல டுபு டுபுன்னு கேட்டாத்தானே தோட்டத்துல எலுமிச்சைக் கூடையை இறக்கி வைப்போம், தொட்டில்ல இருக்கிறதைத் தூக்குவோம். டொப்புன்னு கேக்கும்போது வந்து உக்காந்திருப்போம். இன்னைக்குக் கேக்கலையே, வண்டி இன்னும் ரிப்பேர்தான் போலன்னு சும்மா இருந்துட்டோம்."

பாத்தியா? இத்தனை வருஷமா அந்த வண்டி மலை முழுக்கத் தகவல் சொல்லிக்கிட்டு இருந்திருக்கு. ஓட்டினவளுக்கே அது தெரியலை.

சகாயராணி பெட்டியைத் திறந்தா. புளியங்கொட்டை அளவு ஐஸ் மிச்சம். தோட்டமோ மலை முழுக்க. ஒவ்வொருத்தரா ஓடிப் போய்க் கூப்பிட நேரம் இல்லை. சட்டுனு பொன்னுத்தாயி இடுப்புல இருந்த பிளாஸ்டிக் குடத்தைப் பிடுங்கினா. மடியில கவுத்துப் போட்டா. ரெண்டு கையாலயும், டுபு டுபு டுபு டுபு! அது பத்தலைன்னு வாயாலயும், டுபு டுபு டுபு டுபு! வெள்ளைக் கோட்டு போட்ட நர்சம்மா, கவர்மெண்ட் உத்தியோகம், மரத்தடியில உக்காந்து குடத்தைத் தட்டிக்கிட்டு வண்டி ஓட்டுறா. பொன்னுத்தாயி வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறா. யாரும் வரலை. யாரும் வரலையேன்னு தவிச்சவ, கடைசியா மூச்சை இழுத்துப் பிடிச்சு, குடத்துல ஓங்கி ஒரு அறை. டொப்!

அந்தத் தும்மலுக்குத்தான் மலை முழிச்சுக்கிச்சு. மேல இருந்து ஒருத்தி, பக்கத்துல இருந்து ரெண்டு பேரு, கீழ இருந்து நாலு பேரு, இடுப்புல குழந்தையும் தோள்ல துண்டுமா ஓடி வராங்க. "வேகமா வாங்க, வேகமா"ன்னு கத்திக்கிட்டே இவ ஊசி போடுறா. வீல் வீல்னு அழுகை. கடைசியா ஒருத்தி பாக்கி. பொன்னுத்தாயி பொண்ணு. பெட்டியில ஐஸ் குன்னிமுத்து அளவுதான். ஆனா இருந்துது. தொட்டுப் பார்த்தா, சில்லுன்னு இருந்துது. ஊசியைப் போட்டா. அது வீல்னு அழுதுது. சகாயராணியும் கூடச் சேர்ந்து அழுதா.

ம்... அப்போ வண்டியை விக்கலையா?

வித்தா. அடி, அவசரப்படாதே. வெள்ளிக்கிழமை, புதுச் செயின் மாட்டி நிறுத்தின வண்டியைப் பாக்க மதுரைக்காரர் வந்தாரு. அவ யோசிச்சா. சத்தம் குடத்துலயும் வரும், வாயாலயும் வரும். ஐஸ் எங்கேயிருந்து வரும்? அதான் சாவியைக் கொடுத்தா. "மூணாவது உதைக்குத்தான் கிளம்பும், கோவப்படாதீங்க"ன்னா. அவர் ஒரு உதை உதைச்சாரு, ஒண்ணும் இல்லை. ரெண்டாவது உதை, ஒண்ணும் இல்லை. அவ கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கிறா. மூணாவது உதை, டுபு டுபு டுபு டுபு! தெருக்கோடி வரைக்கும் கேட்டுது, பாலம் வரைக்கும் கேட்டுது, அப்புறம் கேக்கலை. அவ அழுதாளா? அழுதா. ஏன் அழக் கூடாது? லூர்து அவ பக்கத்துலேயே நின்னான்.

அப்புறம் புது ஸ்கூட்டர் வந்துது. முன்னாடி கொக்கியில ஒரு பிளாஸ்டிக் குடம். பொன்னுத்தாயி கொடுத்தது. புதன்கிழமை மூணாவது வளைவுல நிறுத்தி, டுபு டுபுன்னு தட்டுவா. மரத்தடியில இறங்கி ஒரு டொப். எல்லாரும் வந்துடுவாங்க.

கொஞ்ச மாசம் கழிச்சு பொன்னுத்தாயி பொண்ணு பேச ஆரம்பிச்சுது. குழந்தைங்க மொதல்ல என்ன சொல்லும்? அம்மான்னு சொல்லும், இல்லைன்னா அப்பான்னு சொல்லும். இது ரெண்டுமே சொல்லலை. மரத்தடியில அவ இறங்கினதைப் பார்த்து, கையைத் தட்டி, "டுபு"ன்னுச்சு.

சகாயராணி அதைத் தூக்கி மடியில வச்சு, அது மூக்கைத் தொட்டு மெதுவா, "டொப்"ன்னா.

அவ்ளோதான். டுபு... டுபு... என்ன, "ம்"மைக் காணோம்?

சரி. டொப். கதை நின்னுடுச்சு, தூங்கு.