ஆழமடையில் இறங்கிய செவத்தா

மழை வந்தா நெல்லு, வராட்டி புல்லுன்னு ஒரு ஊர் இருந்துச்சாம். அந்த ஊர் ராஜாவோட மடப்பள்ளியில செவத்தான்னு ஒருத்தி சோறு வடிச்சுக்கிட்டு இருந்தாளாம். மடப்பள்ளின்னா என்ன, அரண்மனை அடுப்படிதான். அங்கே ஒரு சட்டம். உலை கொதிக்கும்போது கரண்டியை வெச்சுட்டு வாசப்படி தாண்டினவ, மறுபடி உள்ளே கால் வைக்கக் கூடாது.

ஊருக்கு மேற்கே பெரிய ஏரி. ஏரிக்கு அடியில தண்ணி வெளியேற ஒரு ஆழமடை. வெள்ளம் வந்தா ஒரு ஆள் முங்கிப்போய் அதை அடைச்சிருக்கிற மரத்தக்கையை உருவணும், இல்லேன்னா கரை உடைஞ்சு ஊரே போயிடும். அந்த ஆளுக்கு மடைத்தலைவர்னு பட்டம். பன்னிரண்டு வருஷமா மாசிலாமணிதான் தலைவர், வெள்ளம்தான் வரலை. வருஷா வருஷம் ஆடியில மடையைச் சுத்தம் பண்றேன்னு கரையோரம் இருக்கிற கல்தூணுக்கு அந்தப் பக்கம் போவார், சொட்டச் சொட்ட வருவார், ஊரே கும்பிடும்.

ஒரு ஐப்பசியில மூணு நாள் விடாம மழை. மொத நாள் ஏரி முழங்கால் அளவு ஏறுச்சு, ரெண்டாம் நாள் இடுப்பளவு ஏறுச்சு, மூணாம் நாள் கரை விளிம்பையே தொட்டுடுச்சு. ராஜா குடைகூடப் பிடிக்காம ஓடி வந்தார்.

"மடைத்தலைவரே, இறங்குங்க."

"எனக்கு நீச்சல் தெரியாதுங்க மகாராஜா."

ராஜா திறந்த வாயை மூடலை. மந்திரியும் மூடலை.

"பின்னே வருஷா வருஷம் நனைஞ்சு வந்தீரே?"

"ரெண்டு குடம் தண்ணியைத் தலையில ஊத்திக்கிட்டேங்க."

கேட்டீங்களா பிள்ளைகளா, பன்னிரண்டு வருஷம்.

'மடையைத் திறக்கிறவங்களுக்கே பட்டம்'னு உடனே தண்டோரா போட்டாங்க. அது செவத்தா காதுல விழுந்துச்சு. தினமும் ஏரியில அண்டா கழுவுறவ, நழுவி விழுந்த பாத்திரத்தை எல்லாம் முங்கி எடுக்கிறவ. கரண்டியைக் கீழே வெச்சா.

"சட்டம் தெரியுமில்ல?"ன்னா கூட வேலை பார்க்கிற பொன்னுருவி.

"தெரியும்க்கா. உலையைப் பார்த்துக்க."

வாசப்படியைத் தாண்டியே போயிட்டா.

கரையில மாசிலாமணி சிரிச்சார். "சோத்துப் பானையும் ஏரியும் ஒண்ணுன்னு நினைச்சியா?"

"ரெண்டையும் வடிக்கத்தானே வேணும்ங்க ஐயா?"

மொதல் முங்கு, கையில சேறு. ரெண்டாம் முங்கு, கையில கம்பளியாட்டம் பாசி. "தக்கையில யார் கையும் பட்டதில்லீங்க"ன்னு மூச்சு வாங்கிட்டு மறுபடி போனா. மூணாம் முங்கு, ஆளைக் காணோம். ராஜா பார்த்தார், காணோம். மந்திரி பார்த்தார், காணோம். ஊரே பார்த்துச்சு, காணோம். அப்ப அந்தப் பக்கம் தண்ணி திமுதிமுன்னு வாய்க்கால்ல பாயுது, இந்தப் பக்கம் செவத்தா தக்கையைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு மேல வர்றா.

ராஜா தன் கையாலேயே அவளுக்குத் தலைப்பா கட்டினார். "மாசிலாமணி, மடை போனா என்ன, மடப்பள்ளி இருக்கு. அங்கே ஒரு கரண்டி சும்மா கிடக்கு, போய் எடும்."

அப்புறம் புதுத் தலைவி கேட்டா, "அடுத்த வெள்ளத்துக்கு நான் ஒருத்தி போதாது. யாருக்கெல்லாம் முங்கத் தெரியும்?"

ஆம்பளைங்க தரையைப் பார்த்தாங்க. அண்டா கழுவுற பொம்பளைங்க பதினோரு பேர் கையைத் தூக்கினாங்க. இத்தனை பேரான்னு ராஜா அப்படியே கரையில உட்கார்ந்துட்டார்.

இறங்கினவளுக்குத்தான் ஆழம் தெரியும் கண்ணுகளா. ஏரியும் வடிஞ்சுது, கதையும் வடிஞ்சுது, கண்ணை மூடுங்க.