வாசல் சோறு

பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கும் ராக்கம்மாள், தன்னை அடித்த புருஷனை வீட்டுக்குள் விடவில்லை. ஊர்த்தலைவர் வீரணன் பஞ்சாயத்தைக் கூட்டி, மீசையை நீவிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்.

“ஆம்பளைன்னா கை நீட்டத்தான் செய்வான். நானுந்தான் நீட்டுறேன். என் வீட்லருந்து ஒரு சத்தம் வந்திருக்கா? பேசாம போயி அவனுக்குச் சோத்தப் போடு.”

“போடுறேன் ஐயா” என்றாள் ராக்கம்மாள். “கை நீட்டுறவங்களுக்கு வாசல்ல வச்சுத்தான் சோறு போடுறது. உள்ள யாரும் கூப்பிடுறதில்ல. இனி அவருக்கு வாசல்தான்.”

பெண்கள் பக்கமிருந்து சிரிப்புக் கிளம்பியது. தலைவரின் மனைவி மட்டும் சிரிக்காமல் எழுந்து வீட்டுக்குப் போனாள்.

தலைவர் போய்ச் சேர்ந்தபோது கதவு சாத்தியிருந்தது. படியில் ஒரு தட்டுச் சோறு இருந்தது.

உள்ளேயிருந்து குரல் வந்தது: “சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வச்சிட்டுப் போங்க.”